ஆனி மாதத்துக் கடற்சண்டை

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, பீரங்கி பின்னால் பாய்கிறது, எங்கும் புகை, புகைக்குள்ளிருந்து லகோப்பு என்கிற அந்தப் பிராஞ்சுக்காரப் பீரங்கிக்காரன் வாயைத் திறந்து கத்துகிறான், எனக்குக் கேட்கவில்லை, காது அடைத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது, உதடுகள் மட்டும் அசைகின்றன, இழு என்பதற்கு அவன் பாஷையில் ஏதோ ஒரு சொல், அந்த ஒரு சொல்தான் மூன்று நாளில் எங்களுக்குப் பழகியிருந்தது, நான் இந்தப் பக்கத்துக் கயிற்றை இழுக்கிறேன், அந்தப் பக்கத்துக் கயிற்றில் என் மனைவியின் தம்பி வேம்புலி நிற்கிறான், எங்களுக்கு நடுவில் ஆளைவிட நீளமான கொதிக்கும் இரும்பு, ஒரு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு இழு மாமா, இழு மாமா என்கிறான், அதையும் நான் காதால் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடற்சண்டையில் இருந்தவன் என்று இந்தத் தேவனாம்பட்டினத்தில் என்னைத்தான் காட்டுவார்கள், எத்தனை கப்பல், எது எரிந்தது, எது முழுகியது என்று கேட்பார்கள், இங்கிலீசுக்காரனுக்குப் பதினெட்டு, பிராஞ்சுக்காரனுக்குப் பதினைந்து என்று சொல்வேன், அதுவும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், நான் பார்த்தது பீரங்கி மூக்கை நீட்டுவதற்காகக் கப்பலின் பக்கவாட்டில் வெட்டிய இரண்டு முழ வாசல், அதில் கொஞ்சம் கடல், கொஞ்சம் நெருப்பு, அப்புறம் வேம்புலியின் முகம், அவ்வளவுதான், எனக்கு அறுபது தாண்டிவிட்டது, பகலில் உட்கார்ந்தபடியே கண் சொக்கும்போது அந்த முகம் வந்து நிற்கிறது, அதற்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான், வந்தது நினைவா கனவா என்று பிரித்துப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

எனக்கு அப்போது காகிதம் கொண்டுபோகிற வேலை, கரைக்குப் பக்கத்தில் அலை உடைகிற இடத்தில் வெள்ளைக்காரனுடைய படகு கவிழ்ந்துவிடும், எங்கள் கட்டுமரம் அலையைத் தாண்டிப் போய்விடும், ஆகவே கோட்டைக்கும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கும் நடுவே அவர்களுடைய காகிதங்களை நாங்கள்தான் எடுத்துப்போவோம், மெழுகுத் துணியில் சுற்றி, பனையோலைக் குல்லாவுக்குள் வைத்து, அதைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டுமரம் புரண்டாலும் காகிதம் நனையாது, என் கையில் ஒரு காகிதமும் நனைந்ததில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சண்டைக்கு முந்தின வருஷம் ஒரு காலையில் கோட்டையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறான், உடனே போக வேண்டும், கப்பல் பாய் விரிக்கப்போகிறது என்கிறான், என் மனைவி பச்சைவாழி விடிவதற்கு முன்பே மீன் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டாள், எங்கள் மகள் செங்கேணி, இரண்டு வயது, பாயில் படுத்திருக்கிறாள், போகும் முன் கன்னத்தைத் தொட்டேன், சுட்டது, நெற்றியைத் தொட்டேன், அதுவும் சுட்டது, வாசலில் நின்றவன் மறுபடி கூப்பிட்டான், பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொன்னேன், சுடுகிறது என்று சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சொன்னால் போகக் கூடாது என்று அவள் சொல்லிவிடுவாள் என்றிருக்கலாம். காற்று மாறி, கப்பலிலேயே ஒரு நாள் தங்கி, மறுநாள் உச்சியில் கரைக்கு வந்தேன், அதற்குள் ஜன்னி கண்டு பிள்ளை போய்விட்டாள், வேம்புலிதான் தோளில் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்திருந்தான், கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போடும் முன்பே என் எதிரில் வந்து நின்றான், பிள்ளைக்கு மேல் சுட்டது தெரிஞ்சுதானே போன என்றான், இல்லை என்றேன், சத்தியம் பண்ணு என்றான், கடலைக் காட்டிச் சத்தியம் பண்ணினேன், பச்சைவாழி சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை, வேம்புலி மணலில் துப்பிவிட்டுப் போனான், அதோடு பேச்சு நின்றது.

அடுத்த ஆனியில் இங்கிலீசுக்காரன் படை கடலூர்க் கோட்டையைத் தெற்கிலும் மேற்கிலும் வளைத்துக்கொண்டது, பிராஞ்சுக்காரர்கள் உள்ளே, எங்களுக்குப் போக்கிடம் கடல் ஒன்றுதான், அந்தக் கடலிலும் இங்கிலீசுக் கப்பல்கள் வந்து நின்றன, கோட்டைக்குள் வருகிற அரிசியை அடைத்துவிட்டால் பத்து நாளில் பசி தாங்காமல் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று சொன்னார்கள், கதவைத் திறந்தால் முதலில் கொளுத்துவது கரையோரக் குப்பங்களைத்தான் என்றும் சொன்னார்கள், அப்போதுதான் வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருந்த பிராஞ்சுக் கப்பல்கள் வந்து சேர்ந்தன, அவற்றில் பாதிப் பேர் ஈறு அழுகி, கால் வீங்கிப் படுத்திருந்தார்கள், பீரங்கிக்கு ஆள் போதவில்லை, கோட்டையிலிருந்து சிப்பாய்களை அனுப்பினார்கள், அலையைத் தாண்டி அவர்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றியவர்கள் நாங்கள், என் படகிலேயே வேம்புலியும் துடுப்புப் போட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏணியில் கடைசிச் சிப்பாய் ஏறியதும் மேலிருந்து ஒரு அதிகாரி எட்டிப் பார்த்து எங்களையும் விரலால் காட்டினான், புதுச்சேரியிலிருந்து இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷியாக வந்திருந்த சவரிராயன் அண்ணன்தான் குனிந்து சொன்னார், தம்பிகளா, நீங்களும் மேலே வரணுமாம், கயிறு இழுத்துப் பழகின கை வேணுமாம். வீட்டுல சொல்லலியே அண்ணே என்றேன், நான் சொல்லியனுப்புறேன், ஏறு என்றார், வேம்புலி எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டான், ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் அவனுக்கு அது பிடித்திருந்தது போலத்தான் இருந்தது.

மூன்று நாள் சண்டை இல்லை, காற்றுக்காக இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தன, யாருக்கு முதுகில் காற்று கிடைக்கிறதோ அவன் கிட்டே போகலாம், விலகலாம், மற்றவன் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அந்த மூன்று நாளும் கீழ்த்தளத்தில் எங்களுக்குப் பயிற்சி, ஒரு பீரங்கிக்குப் பதின்மூன்று பேர், சிப்பாய்கள் ஏழு பேர், லகோப்பையும் சேர்த்து வெள்ளைக்காரர்கள் நான்கு பேர், நாங்கள் இரண்டு பேர், ஈரத் தடியால் குழாயைத் துடை, வெடிமருந்துப் பையைத் தள்ளு, குண்டை உருட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வாசல்வரை இழு, லகோப்பு திரியை வைப்பான், வெடித்ததும் தானே பின்னால் வந்துவிடும், மறுபடி துடை, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் பீரங்கி கோணிக்கொள்ளும், முதல் நாள் எங்களுடையது கோணிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நான் இழுக்கும்போது வேம்புலி இழுக்க மாட்டான், லகோப்பு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சவரி அண்ணனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான், இவங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டைன்னு கேக்குறான் என்றார் அண்ணன், ஒண்ணுமில்ல என்றேன் நான், வேம்புலி அண்ணனைப் பார்த்து, இந்தாளு சத்தியம் பண்ணா கடல்கூட நம்பாதுன்னு சொல்லுங்க என்றான், அண்ணன் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியவில்லை, லகோப்பு பெரிதாகச் சிரித்தான், எங்கள் இருவர் தலையையும் பிடித்து லேசாக முட்டவைத்தான், அவனும் மீன்பிடிக்கிற குடும்பத்துக்காரனாம், அவன் ஊர்க் கடலில் தண்ணீர் கையை வெட்டுகிற மாதிரிக் குளிருமாம், அன்று மாலையிலிருந்து பீரங்கி நேராகப் போனது.

நான்காம் நாள் பொழுது சாய ஆரம்பித்த நேரம், மேற்கேயிருந்து கச்சான் காற்று நிதானமாகப் பிடித்துக்கொண்டது, கரைப்பக்கம் எங்கள் கப்பல்கள், வெளியே அவர்கள், காற்று எங்கள் முதுகில், இன்னிக்குத்தான் என்று வேம்புலி யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான், தரையில் மணலைக் கொட்டினார்கள், எதுக்கு மணல் என்று ஒரு சிப்பாய் கேட்டான், ரத்தத்துல வழுக்காம இருக்க என்று சவரி அண்ணன் மேல்தளத்துக்கு ஏறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார், வாசல் வழியாக அவர்களுடைய கப்பல் ஒன்று மெல்ல மெல்லப் பெரிதாகி, வாசல் முழுக்க அதுவே ஆகிவிட்டது, அதன் பக்கவாட்டில் வரிசையாக நெருப்பு பூத்தது, அப்புறம்தான் சத்தம், அதற்கப்புறம் எல்லாம் கயிறுதான், இழு, விடு, விலகு, இழு, மனிதன் இத்தனை சத்தத்துக்குள் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது, சிறிது நேரத்தில் அந்தச் சத்தமும் போய் உலகம் பஞ்சடைத்த மாதிரி ஆகிவிட்டது, பக்கத்துப் பீரங்கியின் கயிற்றில் ஆறு பேர் நின்றிருந்தார்கள், அடுத்த முறை பார்க்கும்போது இல்லை, அந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது, கப்பலில் ஓட்டை, எனக்குப் பயம் இருந்ததா என்று கேட்கிறார்கள், பயப்பட நேரம் இருக்கவில்லை, ஒவ்வொரு முறையும் இரும்பு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும், வேம்புலி இழு மாமா என்கிறான், நான் இழுத்தேன், அவன் முகம் கரி பூசி, பல் மட்டும் வெள்ளையாக, அந்தக் கணத்தில் எங்களுக்குள் பழைய கதை ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது, அதை நான் சந்தோஷம் என்று சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஒரு குண்டு எங்கள் வாசலின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தது, குண்டு யாரையும் தொடவில்லை, அது பெயர்த்த மரம்தான் தொட்டது, கை நீளச் சிராய் ஒன்று வேம்புலியின் விலாவுக்குக் கீழே ஏறி நின்றது, அவன் விழவில்லை, முட்டிபோட்டு உட்கார்ந்தான், கயிற்றை விடவில்லை, தன் இடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், லகோப்பு கத்துகிறான், இழு, பீரங்கி மருந்து அடைத்துத் தயாராக நிற்கிறது, எதிரே அவர்கள் கப்பல் வாசல் முழுக்க நிற்கிறது, இழு, என் கையில் கயிறு, எனக்கு அப்போது ஒரு பாய் ஞாபகம் வந்தது, பாயில் கிடந்த பிள்ளையும் வாசலில் நின்று கூப்பிட்டவனும், நான் கயிற்றை விட்டேன். பீரங்கி கோணிக்கொண்டது, லகோப்பு கையிலிருந்த இரும்புக் கடப்பாரையை ஓங்கிக்கொண்டு வந்தான், வேலையை விட்டவனை அடித்துக் கொல்லலாம் என்று அவர்களுக்கு உத்தரவு உண்டு, நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வேம்புலியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அடி விழவில்லை, திரும்பிப் பார்த்தபோது கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் கயிற்றை லகோப்பு தன் கையில் சுற்றிக்கொண்டிருந்தான், நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான், விளக்கு வைக்கிற நேரத்தில் சண்டை நின்றபோது அந்தப் பீரங்கியடியில் நான்கு பேர்தான் மிச்சம், அவன் அதில் இல்லை, எங்கே என்று கேட்டதற்குச் சவரி அண்ணன் வாசலைக் காட்டினார், சண்டை நடக்கும்போதே செத்தவர்களைக் கடலில் தள்ளிவிடுவார்கள், காலடியில் இடம் வேண்டும் அல்லவா.

இங்கிலீசுக் கப்பல்கள் இரண்டு நாளில் வடக்கே சென்னப்பட்டினத்துக்குப் போய்விட்டன, எங்களுடையவை கடலூரை நோக்கித் திரும்பின, இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட முழுகவில்லை, ஆட்கள்தான் போனார்கள். வேம்புலி கப்பலின் அடித்தட்டில் காயம்பட்டவர்களோடு கிடந்தான், வைத்தியன் சிராயைப் பிடுங்கித் துணி அடைத்துவிட்டுக் கட்டுக்கூடப் போடாமல் அடுத்த ஆளுக்குப் போனான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வேம்புலிக்கும் தெரிந்திருக்கும், தண்ணீர் கேட்டான், கொடுத்தேன், என் காது கொஞ்சம் திறந்திருந்தது, அவன் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தால் கேட்டது. மாமா, இப்பவாவது சொல்லு, அன்னிக்குத் தெரியுமா தெரியாதா என்றான். தெரியும் என்றேன், கன்னத்தைத் தொட்டேன், நெற்றியைத் தொட்டேன், சுட்டது, போய்விட்டேன் என்றேன், ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது இத்தனை சின்ன வாக்கியமாக வெளியே வரும் என்று நான் நினைத்ததில்லை. அவன் கண்ணைத் திறக்காமலே, அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு அறை அறைஞ்சிட்டு விட்டிருப்பேன் மாமா, ஒரு வருஷம் உன் மூஞ்சியப் பாக்காம சுத்துனேனே என்றான், சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை. அக்காகிட்ட சொல்லிடு என்றான் கொஞ்சம் கழித்து, சொல்றேன் என்றேன், சத்தியம்லாம் வேணாம், சொல்லிடு, அதே போதும் என்றான். மறுநாள் காலை கரையில் பனைமரங்கள் தெரிகிற தூரத்தில் அவன் போனான். கடலில் விடச் சொன்னார்கள், சவரி அண்ணன் அதிகாரியிடம் போய், இவர்கள் ஊர் இதோ தெரிகிறது, இவன் அக்காள் கரையில் நிற்கிறாள் என்று வெகுநேரம் பேசினார், அந்த அதிகாரி அலுப்போடு கையை வீசினான், எடுத்துப் போ என்று அர்த்தம், கட்டுமரத்தில் அவனைக் கயிற்றால் கட்டி, அவன் தலையை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலையைத் தாண்டினேன், ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் முகத்தில் படவிடவில்லை.

கரையில் மேளம், கோட்டையில் வெற்றிக்கு வெடி, இங்கிலீசுப் படைக்கு இனிக் கடல்வழி அரிசி வராது, அவர்கள்தான் பட்டினி என்று ஊரெல்லாம் பேச்சு, பச்சைவாழி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, உன் தம்பி மட்டும் போகலேன்னா இந்நேரம் நம்ம குப்பம் சாம்பலாயிருக்கும் என்றார்கள், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், குப்பத்தைக் காப்பாத்திட்டுப் போயிட்டான், குப்பத்தைக் காப்பாத்திட்டுப் போயிட்டான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும், நான் பிள்ளை விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பேன், அவள் முதுகைப் பார்த்ததும் அடங்கிவிடுவேன், நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு நாள் போயிற்று. ஏழாம் நாள் இங்கிலீசுக் கப்பல் ஒன்று தனியாக வந்து நின்றது, வெள்ளைக் கொடி, கோட்டையிலிருந்து எனக்கு ஆள் வந்தது, நான் போய்க் காகிதத்தை வாங்கிவந்து கொடுத்தேன், கொடுத்துவிட்டு மணலில் மரத்தைக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சவரி அண்ணன் கோட்டைப்பக்கமிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார், சண்டை முடிஞ்சுதுடா, ரெண்டு ராசாவும் சமாதானமாயிட்டாங்க என்றார். நல்லதுதானே அண்ணே என்றேன். இன்னிக்கு முடியலடா, தை மாசமே முடிஞ்சுபோச்சாம், அவங்க ஊர்ல கையெழுத்துப் போட்டுட்டாங்களாம், சேதி கடல்தாண்டி வந்து சேர இத்தனை நாளாச்சாம் என்றார். நான் விரலை மடக்கி எண்ணினேன், மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, அப்ப ஆனியில நாம எதுக்கண்ணே சண்டை போட்டோம் என்றேன், அவர் இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு எழுந்து போனார்.

அன்று உச்சிப் பொழுதில் பச்சைவாழி குடிசைக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எதிரில் குந்தினேன், இன்னொன்றையும் மறைத்து வைத்துக்கொண்டு அவளோடு ஒரே கூரையில் இருக்க என்னால் ஆகாது என்று தோன்றிவிட்டது, முதலில் காகிதத்தைச் சொன்னேன், தை மாதத்தைச் சொன்னேன், அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. அஞ்சு மாசமா என்றாள். ஆமாம் என்றேன். அப்ப அவன் போகாட்டியும் குப்பம் இருந்திருக்கும் என்றாள், ஒருவேளை இருந்திருக்கும், ஒருவேளை சேதி வருவதற்குள் எரிந்திருக்கும், அதை யாரால் சொல்ல முடியும் என்றேன், அவள் தலையை ஆட்டினாள், சரி என்பதுபோலவும் இல்லை என்பதுபோலவும் இருந்தது. ரெண்டாவது ஒண்ணு இருக்கு என்று அதையும் சொன்னேன், கன்னம், நெற்றி, வாசலில் நின்ற ஆள், அஞ்சலையிடம் சொல்லாமல் போனது, கடலைக் காட்டிச் செய்த பொய்ச் சத்தியம், வேம்புலியிடம் ஒப்புக்கொண்டது, அவன் சொல்லச் சொன்னது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவள் என்ன செய்தாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன், எழுந்து போகச் சொன்னால் போவது என்று மனதில் தயாராக இருந்தேன்.

அவள் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்காமல் பேசினாள். நான் உனக்கு முன்னாலயே கெளம்புனேன்ல, அப்ப தொட்டுப் பாத்தேன்யா, நெருப்பா இருந்துச்சு, கூடை நெறைய மீன், வெயிலேறுனா கெட்டுப்போயிடும், வித்துட்டு ஓடியாந்துடலாம்னு போனேன், அவன் கரையில உன்ன நிக்கவெச்சுக் கேட்டப்ப நான் அங்கதானே உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியும்டா தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல, உன்னையே திட்டட்டும்னு இருந்துட்டேன், ஒரு வருஷம் இருந்துட்டேன். அவ்வளவுதான் சொன்னாள், குரல் உடையவில்லை, எனக்கு அவள்மேல் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை, எங்கள் இருவர் கையும் ஒரே காலையில் ஒரே நெற்றியில் பட்டு விலகியிருக்கிறது, அவள் கை பட்ட சூட்டின்மேல்தான் என் கை பட்டிருக்கும், அதை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு அவள் அடுப்பு மூட்டினாள், நான் தண்ணீர் எடுத்துவந்தேன், சாப்பிட்டோம். அதற்கப்புறம் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், மூத்தவனுக்கு அவன் மாமன் பெயர், அவர்களில் யாருக்காவது உடம்பு சுட்டால் முதலில் தொட்டவர் உடனே மற்றவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம், நான் கரைக்குப் போக மாட்டேன், அவள் கூடையைத் தூக்க மாட்டாள், வலை நிறைய மீன் இருந்தாலும், கோட்டையில் எவன் கொடி பறந்தாலும், வாசலில் வந்து நின்று எவன் கூப்பிட்டாலும்.